திருமணஞ்சேரிக்கும் திருக்கடையூருக்கும் நடுவில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் தம்பதியர் ஜோடியாகப் போய்வர ஏற்ற இடங்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, ஏற்காடு எல்லாம் படத்தோடு வந்திருந்தது. காவிரி டெல்டாவுக்குக் கடைசியில் நாலு வரி ஒதுக்கி, அதிலும் ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் கும்பகோணத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். இப்படிப் படித்துவிட்டு வரும் ஜோடிகளை ஏற்றிக்கொண்டு சுற்றுவது என் பிழைப்பு என்பதால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்ட வேண்டியிருந்தால் என் புலம்பலை வெட்டுங்கள், ஊரைப் பற்றிச் சொல்லியிருப்பதில் கை வைக்காதீர்கள்.

ஒரே நாளில் ஒன்பது கோயில் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன் கிளம்பி திங்களூர், அப்புறம் ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் என்று மத்தியானத்துக்குள் ஐந்தை முடித்தாக வேண்டும். நடை சாத்திவிட்டால் நாலு மணி வரை ஒன்றும் நடக்காது. பிறகு வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில் காரைக்கால் பக்கம் திருநள்ளாறு. எப்படிச் சுற்றினாலும் இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்து, நாலரையிலிருந்து ஆறு ராகு காலத்தில்தான் திருநாகேஸ்வரத்தில் இருந்தாக வேண்டும் என்று யாராவது சொல்லி அனுப்பியிருந்தால் இந்தக் கணக்கு மொத்தமும் தலைகீழ். புதுத்தாலி மஞ்சள் மாறாத பிள்ளைகள் முதல் கோயிலுக்குப் போகும்போது பின் சீட்டில் ஒட்டி உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். கஞ்சனூர் வரும்போது அந்தப் பெண் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கும், பையன் இன்னும் எத்தனை பாக்கி என்று போனில் பார்த்துக்கொண்டிருப்பான். கீழப்பெரும்பள்ளத்தில், அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போய் யார் தாமதம் பண்ணினது என்று சண்டை ஆரம்பித்திருக்கும். இதையெல்லாம் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடி காட்டிக் கொடுத்துவிடுகிறது, நான் பார்க்கவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு இதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது. கிலோமீட்டருக்கு இவ்வளவு, பேட்டா தனி, சுற்றச் சுற்ற எனக்குத்தான் காசு. வேண்டுதல் இருப்பவர்கள் தாராளமாகச் சுற்றட்டும், பரிகாரத்தைப் பற்றிப் பேச நான் யார். ஆனால் அதை ஜோடிகளுக்கான சுற்றுலா என்று பத்திரிகையில் போடுவதைத்தான் சகிக்க முடியவில்லை.

எங்கள் டெல்டாவில் புருஷன் பெண்டாட்டி வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஊர் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? கல்யாணம் தட்டிப்போனால் குத்தாலம் பக்கத்தில் திருமணஞ்சேரி, கல்யாணம் ஆனதும் மாலையோடு அங்கேயே திரும்பி வந்து கும்பிட வேண்டும். குழந்தைக்கும் சுகப்பிரசவத்துக்கும் திருக்கருகாவூர். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பூந்தோட்டம் பக்கத்தில் கூத்தனூர் சரஸ்வதி. அறுபது ஆனால் திருக்கடையூர், ஆயுசு இருந்தால் எண்பதுக்கும் அங்கேயேதான். எல்லாப் பயணத்துக்கும் ஒரு காரணம், எல்லாப் பயணத்திலும் கூட ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள். இந்தத் திருமணஞ்சேரிக்கும் திருக்கடையூருக்கும் நடுவில் இருக்கும் முப்பது முப்பத்தைந்து வருஷத்தில், எந்தக் காரணமும் இல்லாமல் இரண்டு பேர் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஊரில் இரண்டு ராத்திரி தங்குவது என்பது எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. தப்பு ஒன்றும் இல்லை, யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

திருக்கடையூரில் ஒரு சஷ்டியப்தபூர்த்திக்கு வண்டி ஓட்டினேன். ஹோமம், கலச அபிஷேகம், மறுபடி தாலி கட்டு, பந்தி எல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் அந்த அம்மா என்னிடம் மெதுவாக வந்து, "தம்பி, தரங்கம்பாடி இங்கேர்ந்து எவ்வளவு தூரம், நாங்க ரெண்டு பேரும் மட்டும் போய்ட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். பக்கம்தான், கால் மணி நேரம்கூட ஆகாது என்றேன். போனோம். கோட்டைச் சுவர் ஓரமாக அவர்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் நடந்தார்கள், ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் காலை நனைத்தார், அம்மா கடலை வாங்கி வந்து அவருக்கு உரித்துக் கொடுத்தார். திரும்பும்போது வேனிலிருந்து போன் மேல் போன், எங்கே போய்விட்டீர்கள், எல்லோரும் காத்திருக்கிறோம் என்று. பிள்ளைகள் வைததை அந்த அம்மா கண்டுகொள்ளவே இல்லை.

சரி, எப்படி வர வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். ஒரே ஊர், அதிகம் போனால் இரண்டு. கார் வேண்டாம். தஞ்சாவூருக்கு ரயிலில் வந்து இறங்குங்கள், ஊருக்குள் ஆட்டோ இருக்கிறது, டவுன் பஸ் இருக்கிறது, கால் இருக்கிறது. மாதம் பார்த்து வாருங்கள், மார்கழியும் தையும் மாசி பாதியும் நல்லது, வயலெல்லாம் சம்பா பச்சையும் பிறகு கதிரும் நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் விடாது, சித்திரை வைகாசியில் வெயில் உங்களை வெளியே விடாது, ஆற்றிலும் வெறும் மணல்தான் இருக்கும்.

பெரிய கோயிலைக் காலையில் அவசரமாகப் பார்க்காதீர்கள். சாயங்காலம் நாலரைக்கு உள்ளே போய் இருட்டும் வரை இருங்கள். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தது, 216 அடி விமானம், 1987-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது, இதெல்லாம் கைடு சொல்வார். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும் சேர்த்துச் சொல்வார். தை மாதச் சாயங்காலத்தில் வடக்குப் பக்கத் திருச்சுற்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள், நிழல் முற்றம் முழுக்க நீண்டு படுத்திருக்கும், நீங்கள் உட்கார்ந்திருப்பதே அதில்தான். பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு ஓடுகிறவர்கள்தான் அந்தக் கதையை நம்புவார்கள். அப்புறம் அடித்தளத்தில் இருக்கும் கல்வெட்டு. நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவு பெரிய ராஜா, தான் கொடுத்ததோடு அக்காவும் மனைவிமாரும் கொடுத்ததையும் கணக்கில் எழுதி வைத்திருக்கிறான் பாருங்கள். எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, "நீங்க எதை எழுதி வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டாள், அதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அரண்மனை. சரபோஜி மன்னர் வளர்த்த சரஸ்வதி மகால் நூலகம், நாயக்கர் தர்பார் எல்லாம் அங்கேதான். அவற்றை வேகமாகப் பார்த்தாலும் பரவாயில்லை, கலைக்கூடத்தில் இருக்கும் செப்புத் திருமேனிகளுக்கு மட்டும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திருவெண்காட்டில் மண்ணுக்குள் இருந்து கிடைத்த கல்யாணசுந்தரர் அங்கே நிற்கிறார். பார்வதி கையை சிவன் பிடித்திருக்கிறார், அந்த அம்மா தலையை லேசாகச் சாய்த்து, பார்க்கலாமா வேண்டாமா என்கிற மாதிரி நிற்கிறாள். கல்யாண வீடியோவில் பெண்ணைத் தலையைச் சாய்க்கச் சொல்லி போட்டோகிராபர் பாடுபடுவாரே, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்மியன் அதைச் சொல்லாமலே செய்துவிட்டான். அதே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் இன்னொருவர். காளைமேல் கையை ஊன்றி ஒய்யாரமாக நிற்க வேண்டியவர், காளை காணாமல் போய்விட்டது. ஒன்றுமில்லாத இடத்தில் அவர் கை சாய்ந்திருக்கிறது, அப்படியும் விழுந்துவிடுவார் என்று தோன்றவே தோன்றாது. பாம்பைச் சுற்றிக் கட்டிய தலைப்பாகை, பின்பக்கமும் சேர்த்துச் செய்த வேலை, ஒரு சுற்று சுற்றி வந்து பாருங்கள். புதன் கிரகத்துக்காகத் திருவெண்காட்டுக்குப் போய் இருபது நிமிஷத்தில் திரும்புகிறவர்களை நான் எத்தனையோ தடவை ஏற்றிச் சென்றிருக்கிறேன். அந்த ஊர்க்காரரான இந்த இரண்டு பேரையும் அவர்களில் பெரும்பாலானவர்கள் பார்த்ததில்லை.

மத்தியானம் கோயில் எல்லாம் சாத்திவிடுகிறார்களே என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் அங்கலாய்ப்பார்கள். என்னைக் கேட்டால் இந்த ஊர் ஜோடிகளுக்குக் கொடுத்திருக்கும் சலுகையே அந்த மூணு மணி நேரம்தான். வாழையிலை போட்டுச் சாப்பிடுங்கள், அறைக்குப் போய் மின்விசிறியைப் போட்டுப் படுங்கள், மூன்றரைக்கு எழுந்து காப்பி குடியுங்கள். அந்த நேரத்தில் ஊரே தூங்குகிறது, நீங்கள் மட்டும் எதற்கு ரோட்டில் நிற்க வேண்டும்?

ஒரு சாயங்காலம் திருவையாற்றுக்கு டவுன் பஸ் பிடியுங்கள். தை மாதம் தியாகராஜர் ஆராதனை சமயத்தில் கால் வைக்க இடம் இருக்காது, மற்ற நாளில் சமாதிப் பக்கம் நாலு பேர் இருந்தால் அதிகம். புஷ்ய மண்டபப் படித்துறையில் தண்ணீர் ஓடுகிற மாதத்தில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. பயத்தம்பருப்பில் செய்கிற அசோகா அந்த ஊர்ச் சரக்கு, இலையில் வைத்துச் சூடாகக் கொடுப்பார்கள், இரண்டு பேருக்கு ஒன்று வாங்கினால் போதும், நெய் அவ்வளவு.

அப்புறம் கும்பகோணம். தஞ்சாவூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வாருங்கள், அய்யம்பேட்டை, பாபநாசம், சுந்தரபெருமாள்கோயில், சுவாமிமலை என்று இரண்டு பக்கமும் வயலும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக ஒரு மணி நேரம் போகும். எங்கள் ஊர் வெற்றிலைக்கு 2025-இல்தான் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், அதற்கு முன்பும் நாங்கள் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கவுளியிலிருந்து நாலு இலை எடுத்துக் காம்பு கிள்ளி சுண்ணாம்பு தடவி அவருக்கு இவர் மடித்துக் கொடுப்பது என்பது எங்கள் தாத்தா பாட்டி காலத்து வழக்கம், உங்கள் இணைப்பிதழில் போட்ட மெழுகுவர்த்தி டின்னருக்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்தால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா என்கிற பாசிப்பருப்புக் குழம்பு கிடைக்கும், பித்தளை டவரா டம்ளரில் டிகிரி காப்பி எந்த நாளும் கிடைக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் இந்தப் பெயரைப் போட்டு வைத்திருக்கும் கடைகளை எல்லாம் எங்கள் கணக்கில் எழுதாதீர்கள். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் இருந்த வீடு இருக்கிறது, சின்ன ஓட்டு வீடு, திண்ணை, உள்ளே ஒரு கட்டில், ஜன்னல். அந்தத் தெருவில் நடந்தபடியே போய்ப் பார்த்துவிடலாம்.

தாராசுரத்துக்கு நாலு மணிக்கு மேல் போங்கள், ஆட்டோவில் பத்து நிமிஷம். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெரிய கோயில் அண்ணாந்து பார்க்க வைக்கும், இது குனிந்து பார்க்க வைக்கும், அவ்வளவு பொடி வேலை. ஒரு சிற்பம் மட்டும் சொல்கிறேன். ஒரு காளையும் ஒரு யானையும் எதிரெதிராக நிற்கும், இரண்டுக்கும் தலை ஒன்றுதான். யானை உடம்பை உள்ளங்கையால் மறைத்தால் திமிலோடு காளை தெரியும், காளை உடம்பை மறைத்தால் துதிக்கையோடு யானை. ஒருவர் கையால் மறைக்க இன்னொருவர் பார்க்க வேண்டும், இரண்டு பேர் போனால்தான் அதில் ருசி. நான் கூட்டிப் போன ஜோடி ஒன்று அதன் முன்னால் கால் மணி நேரம் நின்று, எதை முதலில் செதுக்கியிருப்பான் என்று வாதம் பண்ணிக்கொண்டிருந்தது. அந்த மாதிரிச் சண்டைக்கு நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வெயிட்டிங் போடாமல் நிற்பேன்.

பூம்புகாரையும் சொல்லலாம்தான். கோவலனும் மாதவியும் அந்தக் கடற்கரையில் உட்கார்ந்து யாழ் மீட்டிப் பாடி, பாட்டாலேயே பிரிந்து போனதால் எங்கள் பக்கத்துப் பெரிசுகள் புதுமணத் தம்பதியை அங்கே போகச் சொல்ல மாட்டார்கள். கடற்கரை என்ன செய்யும் பாவம். இருந்தாலும் முதல் தடவைக்குத் தரங்கம்பாடி போதும், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும் 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இன்னொரு ஊர் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் இல்லை.

ஜோடிகளுக்கும் இந்த மண்ணுக்கும் சம்பந்தம் இல்லாதது மாதிரி நான் மேலே எழுதிவிட்டேனோ என்று நினைக்க வேண்டாம். ஆடிப்பெருக்கு இருக்கிறதே. மேட்டூரை ஜூன் 12-இல் திறக்க வேண்டும், சில வருஷம் தள்ளிப்போகும், எப்படியோ தண்ணீர் வந்து சேர்ந்தால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும் ஆடி பதினெட்டுக்குப் படித்துறை எல்லாம் ஜேஜே என்று இருக்கும். ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், புருஷன் தனியாக உட்கார்ந்திருப்பான். ஆனால் கல்யாணத்தன்று போட்ட மாலையைக் காய வைத்துப் பத்திரமாக வைத்திருந்து, பதினெட்டாம் பெருக்கன்று இரண்டு பேருமாக வந்து காவிரியில் விடுவார்கள். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், எல்லாம் படியிலேயே. அந்த ஒரு நாள் மட்டும் ஆற்றங்கரையில் கல்யாணமான இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை.

மற்ற நாளில் முறைக்கிறார்கள். இதுதான் நான் சொல்ல வந்த புலம்பல். போன மார்கழியில் ஒரு ஜோடியை லாட்ஜில் இறக்கிவிடப் போனேன், எந்த லாட்ஜ் என்று வேண்டாம். இரண்டு பேர் ஆதாரிலும் வேறு வேறு முகவரி, கல்யாணம் ஆகி இரண்டு மாதத்தில் யார் மாற்றியிருப்பார்கள்? கவுண்டரில் இருந்தவர் கல்யாணப் போட்டோவைக் காட்டுங்கள் என்றார். அந்தப் பெண் போனைத் திறந்து, தள்ளித் தள்ளி, மணவறைப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டியது. ஆள் அதைப் பெரிசாக்கிப் பெண்ணின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. கல்யாணமே ஆகாத ஆணும் பெண்ணும் ஒரு ஓட்டல் அறையில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. வயது வந்ததற்கு அடையாள அட்டை போதும். இது கவுண்டர்வரை இன்னும் வந்து சேரவில்லை.

படித்துறையில் உட்கார்ந்தால் என்ன கதை என்றால், எந்த ஊர், என்ன உறவு, இங்கே என்ன வேலை என்று கேட்க நாலு பேர் கிளம்பி வருகிறார்கள். கூடவே வீடியோ எடுக்க ஒருத்தன். அதே படித்துறையில் பாட்டிலை உடைத்துப் போட்டவனிடம் இந்த நாலு பேரும் ஒரு வார்த்தை கேட்டு நான் பார்த்ததில்லை. இருட்டினால் பல படித்துறைகளில் விளக்கு கிடையாது, பெண்கள் அவசரத்துக்குப் போக இடம் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்துக்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வண்டியில் வரும் பெண்களை வாரத்துக்கு வாரம் பார்க்கிறேன், கேட்டால் பெட்ரோல் பங்க் வரட்டும் என்பார்கள்.

2028-இல் மகாமகம் வருகிறது. குளம், ரோடு, பஸ் ஸ்டாண்டு என்று வேலைகள் நடக்கும், நடக்கட்டும், வேண்டியதுதான். பெரிய கூட்டத்துக்குச் செய்யும்போதே சின்னதாகச் சிலதையும் சேர்த்துச் செய்யச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும். பகவத் படித்துறை, சக்கரப் படித்துறை, டபீர் படித்துறை என்று காவிரிக்கரையில் எங்களுக்கு எத்தனையோ இருக்கின்றன, தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டி ஓடும் புது ஆற்றங்கரை இருக்கிறது. அங்கெல்லாம் இரண்டு பேர் உட்காரும்படி நிழலில் கல் பெஞ்ச், இரவு ஒன்பது மணி வரை எரிகிற விளக்கு, பூட்டு போடாத பெண்கள் கழிப்பறை, ரோந்து வரும் காவலர்கள் உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிட்டுக் குடிப்பவர்களைக் கேட்கும்படி ஒரு உத்தரவு. இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் ஆகாது. நான் மனு எழுதிக் கொடுத்தேன், ரசீது கொடுத்தார்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன். பத்திரிகையில் வந்தால் அதிகாரிகள் அன்றைக்கே கத்தரித்துக் கோப்பில் வைப்பார்கள் என்று சொல்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதினேன்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
கும்பகோணம்.